ஃபேகாப்ஸ் என்று வாங்கிய கல்லில் 13 கணு, இது எந்த ட்ரைலோபைட்?

முத்தியால்பேட்டைக்காரன்:
போன ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சாமான் பரப்பியிருந்தவரிடம் இந்தப் புதைபடிவக் கல்லை 600 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டைவிரல் நீளம், பாதி சுருண்ட மரவட்டை மாதிரி இருக்கிறது. விற்றவர் "மொராக்கோ சரக்கு, ஃபேகாப்ஸ்" என்றார், ட்ரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் கணுக்காலியில் அது ஒரு வகையாம். பக்கத்தில் நின்றவரோ வழுதாவூரில் கிடைத்திருக்கும் என்கிறார். ஃபேகாப்ஸ் படங்களில் கண் துருத்திக்கொண்டு நிற்கிறது, என்னுடையதில் தேட வேண்டியிருக்கிறது. மார்புக் கணுக்களை இரண்டு முறை எண்ணினேன், 13. ஏமாந்துவிட்டேனா?

கல்பொறுக்கி:
வழுதாவூர் இல்லை. அங்கே இருப்பது அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிரி) கிடைக்கும் கிரெட்டேசியஸ் பாறை, டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம், ட்ரைலோபைட்டோ அதற்கு வெகு முன்பே, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துவிட்டது. நம் நாட்டில் என்றால் ஸ்பிதி, காஷ்மீர்ப் பக்கம் போக வேண்டும்.

வளர்ந்த ஃபேகாப்ஸுக்கு மார்பில் 11 கணு. 13 என்றால் காலிமீன் என்ற இன்னொரு ட்ரைலோபைட் குடும்பமாக இருக்கலாம், மொராக்கோவிலிருந்து அதுவும் நிறைய வருகிறது. கண்ணை விடுங்கள், தலை நடுவில் உள்ள மேட்டைப் பாருங்கள். ஃபேகாப்ஸில் அது முன்னே போகப்போக அகன்று, உப்பி, மேலெல்லாம் பரு பருவாக இருக்கும். காலிமீனில் முன்னே ஒடுங்கும், இரு பக்கமும் குமிழ்கள் இருக்கும். பழைய வகைப்பாட்டில் இரண்டும் ஃபேகாப்பிடா வரிசைதான், துணைவரிசை வேறு.

உப்பளத்து நண்டு:
கண்ணை விடச் சொல்கிறீர்களே சார், ஃபேகாப்ஸின் அழகே அதுதான்! நகைக்கடை லென்ஸில் பார்த்தால் கண்ணின் ஒவ்வொரு கால்சைட் (சுண்ணாம்புக் கனிம) வில்லையும் குண்டுமணி பதித்த மாதிரி தனித்தனியாக நிற்கும், மற்ற பெரும்பாலான ட்ரைலோபைட்டுகளில் வில்லைகள் நெருக்கி ஒட்டியிருக்கும். பெயருக்காக விற்றவரைத் திட்டாதீர்கள், அமெரிக்காவின் ஃபேகாப்ஸ் ரானாவே இப்போது எல்ட்ரெட்ஜியாப்ஸ் பேரினத்தில் இருக்கிறது, பழைய பெயரிலேயே விற்பவர்களும் உண்டு. அதைவிட, கல் நிஜமா என்று பாருங்கள். ஊசியைச் சுட வைத்து அடிப்பக்கம் தொடுங்கள், பிசின் என்றால் நாறும்.

முத்தியால்பேட்டைக்காரன்:
தலைமேடு முன்னே ஒடுங்குகிறது, பக்கத்துக்கு மூன்று குமிழ், பின்னால் இருப்பதுதான் பெரிது. ஊசி வைத்ததில் வால் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் நாற்றம். கடைசி இரண்டு கணுவும் அதில்தான் வருகின்றன. அப்போ நிஜமானது 11தானே, மறுபடி ஃபேகாப்ஸா?!

கல்பொறுக்கி:
இல்லைங்க. உடைந்த வாலைப் பிசினில் செய்து ஒட்டுவது சகஜம், எத்தனை கணு போனதென்று அந்த ஒட்டை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். அந்தத் தலை காலிமீன் குடும்பத்துத் தலை. 600க்கு மோசமில்லை, வாலை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள்.