புதுப்பிப்பு: 'வென்டெர்' என்ற சொல்லுக்கு ஒரு வழி கிடைத்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: டான் கொசாக்குகளின் (ரஷ்யாவின் டான் ஆற்றுப் பகுதிக் குதிரைவீரர்கள்) குதிரைப்படைத் தந்திரமான 'வென்டெர்' என்பதை ரஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? நான் முதலில் போட்டிருந்தது 'ஆம்புஷ்', அதாவது பதுங்கித் தாக்குதல். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

வென்டெர் என்பது மீன்பிடிக் கருவி. வளையங்களின் மேல் வலையைப் போர்த்தியிருப்பார்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும். நம் ஊர்ப் பறி மாதிரிதான். நுழைந்த மீனுக்குத் திரும்ப வழி தெரியாது. கொசாக்குகள் செய்ததும் இதுவே. ஒரு சிறு கூட்டம் தோற்று ஓடுவதுபோல ஓடும். துரத்தி வரும் எதிரியை இருபுறமும் ஒளிந்திருப்பவர்கள் வளைத்துக்கொள்வார்கள். 1812 ஜூலையில் இன்றைய பெலாரஸில் உள்ள மீர் என்ற ஊரில், கொசாக் தளபதி பிளாட்டோவ் என்பவரின் ஆட்கள் நெப்போலியன் தரப்பின் போலந்து ஈட்டிக் குதிரைப்படையை இப்படித்தான் இழுத்துப்போனார்கள். 'ஆம்புஷ்' என்றால் பதுங்கல் மட்டும் வருகிறது, ஓட்டம் காணாமல் போகிறது.

இந்த வலைக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் 'ஃபைக் நெட்'. ஆனால் மீனவர் அல்லாத ஆங்கில வாசகர் எத்தனை பேருக்கு அது புரியும்? அதனால் 'வென்டெர்' என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'ஃபிஷ் டிராப்' (மீன்பொறி) என்று சேர்த்துவிட்டேன்.

அடுத்த தலைவலி கொசாக்குகளின் இன்னொரு சொல்லான 'லாவா'. பரந்து விரிந்த குதிரை வரிசை அது. ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் எரிமலைதான் வருகிறது!