நோட்டு நிறையக் கணக்கு, கேட்டால் பதில் இல்லை: நல்ல டியூஷன் எது?

விசைப்படகு அப்பா, தங்கச்சிமடம்:
மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15-லிருந்து படகு கரையில் கிடக்கிறது. ஜூன் 14 வரை வீடுதான். அதனால் மகளின் டியூஷன் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. நாலாம் வகுப்பு. ஒரே நாளில் 40 கணக்கு, எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி. வீட்டில் 402-ல் 178-ஐக் கழிக்கச் சொன்னேன். 376 என்று எழுதினாள். நோட்டில் இருப்பதெல்லாம் போர்டைப் பார்த்து எழுதியதாம். ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தால் அது நல்ல வகுப்பு? சொல்லுங்கள்.

மண்டபம் டீச்சர்:
அண்ணே, அந்த 376-ஐ அழிக்காதீர்கள். அது குத்துமதிப்பாக வந்த விடை இல்லை. 2-ல் 8 போகாது, அதனால் 8-ல் 2 போக 6. அடுத்து 0, 7, அங்கே 7. கடைசியில் 4-ல் 1 போக 3. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். "எப்படிம்மா வந்தது?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வகுப்பில் பாதி நேரமாவது பிள்ளை பேச வேண்டும். நான் ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு கணக்குக்கு மேல் தருவதில்லை.

கீழக்கரை வாத்தியார்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. 18 வருடமாக டியூஷன் எடுக்கிறேன். ஐந்து கணக்கில் கை பழகாது. வாய்ப்பாடு 16 வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சட்டென்று வராத பிள்ளை, வகுத்தலுக்கு நடுவே விரல்விட்டு எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் எந்தப் படியில் நின்றோம் என்பதே மறந்துபோகும். எட்டாம் வகுப்பில் அப்படி வந்து என் முன்னால் அழுத பிள்ளைகள் உண்டு. அப்புறம், என் திண்ணையில் 20 பேர். ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தது என்று கேட்டு முடிப்பதற்குள் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

மண்டபம் டீச்சர்:
வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். தினம் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இடித்த இடம் வாய்ப்பாடு இல்லை. பத்தாம் இடத்தில் 0 இருக்கும்போது கடன் எங்கே வாங்குவது என்பதுதான். தப்பான வழியில் 40 கணக்குப் போட்டால் தப்புத்தான் கைப்பழக்கமாகும். 20 பேரை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் போட்டதை இன்னொருவருக்கு விளக்கட்டும், நீங்கள் காது கொடுத்தபடி நடந்து வாருங்கள்.

தொண்டி அம்மா:
என் மகன் டியூஷன் நேரம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்பான். முன்பு போன இடத்தில் தப்புக்கு ஒரு அடி. பயத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியே ஒரு வருடம் போய்விட்டது. கேள்வி கேட்கப் பயப்படாத இடமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கீழக்கரை வாத்தியார்:
அடிப்பது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் டீச்சர், ஜோடியாக உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை விடையைச் சொல்லிவிடுகிறது, மற்றது எழுதிக்கொள்கிறது. 20 பேருக்கு அது ஓடாது.

விசைப்படகு அப்பா, தங்கச்சிமடம்:
நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். மனைவி மல்லிகை நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். கழித்துப் போட்ட நாற்றுகளைக் கொண்டுவரச் சொல்லி, பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாக்கினோம். நாலு நூற்றுக் கட்டு, இரண்டு தனி நாற்று. "இதில் 178 எடு" என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு தானாகவே ஒரு நூற்றுக் கட்டை அவிழ்த்தாள், அதிலிருந்து ஒரு பத்துக் கட்டையும் அவிழ்த்தாள். 3 நூறு, 9 பத்து, 12 தனி. எடுத்தது போக 224.

நாற்று இல்லாமல் 503-ல் 267 கொடுத்தேன். 236 என்று எழுதிவிட்டு, கேட்காமலேயே எப்படி என்று சொன்னாள். ஆனால் வாத்தியார் சொன்ன ஏழெட்டில் நின்றுவிட்டாள். நாளைக் காலையில் ஏழாம் வாய்ப்பாடு.