கவாலி ஆற்றின் இரு கரையில் ஒரு மொழியா, இரண்டா?

ஒலியன்:
லைபீரியாவையும் ஐவரி கோஸ்டையும் பிரிப்பது கவாலி ஆறு. 1892-ல் பிரான்சும் லைபீரியாவும் ஒப்பந்தம் போட்டு அதை எல்லையாக்கின. மேற்கே இருப்பவர்கள் பேசுவது கிரெபோ, கிழக்கே குரூமென் என்கிறார்கள். இரண்டுமே க்ரூ மொழிக் குடும்பத்தின் மேற்குக் கிளை. தெப்போ என்ற குரூமென் பேச்சு இரு நாட்டிலும் உண்டு. காலனிக்காரன் கோடு போட்டதால்தான் ஒரு மொழிக்கு இரண்டு பெயர். இனியாவது எழுத்துமுறையை ஒன்றாக்கலாமே?

கரைக்காற்று:
எல்லாப் பழியையும் கோட்டின் தலையில் கட்டாதீர்கள். உலக மொழிகளைத் தொகுக்கும் எத்னோலாக் பட்டியலில் கிரெபோ மட்டுமே ஐந்து மொழி, ஐந்தும் லைபீரியாவில். அவற்றுக்கு நடுவே எந்த நாட்டின் எல்லை ஓடுகிறது?

ஒலியன்:
அந்தப் பட்டியலுக்குப் பிரிப்பதென்றால் கொண்டாட்டம். ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் போகிற பேச்சு அது, அவ்வளவுதான்.

கரைக்காற்று:
சரி, அப்படியே இருக்கட்டும். எந்த ஊர்ப் பேச்சில் புத்தகம் அச்சடிப்பீர்கள்? மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா?

மேல்தொனி:
நடுவில் வருகிறேன். சிக்கல் பெயரில் இல்லை, தொனியில். கிரெபோவில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. 1834-ல் லைபீரியக் கரையில், கேப் பால்மாஸில் இறங்கிய மிஷனரி ஜான் லெய்டன் வில்சனே இதைக் குறித்திருக்கிறார். தொனிக்குறி இல்லாமல் எழுதினால் சோற்றைத் தின்றது நானா நீயா என்று சண்டைதான் வரும்.

ஐவரி கோஸ்டில் உள்நாட்டு மொழிகளுக்கு 1979-ல் வகுத்த முறைப்படி, அசைக்கு முன்னால் ஒற்றை மேற்கோள்குறி போட்டால் உயர்தொனி, சிறுகோடு போட்டால் தாழ்தொனி, சமக்குறி போட்டால் அதைவிடத் தாழ்வு. முதலில் பார்த்தபோது யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனால் சாதாரணத் தட்டச்சுப் பொறியிலேயே அடிக்கலாம். கெட்டிக்கார வேலை.

ஒலியன்:
அப்படியானால் அதையே அக்கரைக்கும் கொடுத்துவிடலாமே!

கரைக்காற்று:
யார் சொல்லிக்கொடுப்பது? ஐவரி கோஸ்டுப் பக்கம் தபூ ஊரில் பள்ளிக்கூடம் பிரெஞ்சில், லைபீரியப் பக்கம் ஹார்ப்பரில் ஆங்கிலத்தில். உங்கள் சமக்குறியைப் பார்த்து ஹார்ப்பர் பையன் விடை எங்கே என்று கேட்பான்.

மேல்தொனி:
தபூ பையனும்தான் கேட்பான். அவனுக்கும் பள்ளியில் யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லையே.