மகனின் தோளிலும் அப்பாவின் மூத்திரப்பையிலும் ஒரே பி.சி.ஜி.

உவர்மலை வாசி:
என்ர மகன் ஆவணியில பிறந்தவன். வீட்டுக்கு வர முதலே இடது தோளில பி.சி.ஜி. எண்ட காசநோய்த் தடுப்பூசி போட்டு விட்டவை. அடுத்த மாசம் கண்டியில அப்பாவின்ர மூத்திரப்பைப் புற்றுக்கு மருந்து விடத் துவங்கினவை. பேரை இரண்டாம் தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டன். அதுவும் பி.சி.ஜி.

அப்பா கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில வேலை செய்தவர், நாற்பது வருசமாச் சிகரெட். சலத்தோட இரத்தம் போனதை ஆறு மாசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நோவில்லை, வெயில் சூடுதானே எண்டு இளநீர் குடிச்சபடி இருந்திருக்கிறார். முதல் காட்டின இடத்தில சலக்கிருமி எண்டு குளிசை தந்து அனுப்பிப்போட்டினம். நோகாமல் இரத்தம் போனால்தான் கூடப் பயப்பட வேணும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. எனக்கு இண்டைக்கும் அதுதான் ஆறாத கவலை. நல்லகாலம், கட்டியைச் சுரண்டி எடுத்துப் பார்க்க, புற்று தசைக்குள்ள இறங்கியிருக்கேல்லை. அப்பிடி இறங்காத ஆக்களுக்குத்தான் இந்த மருந்து.

கிழமைக்கு ஒருக்கா, ஆறு கிழமை. மெல்லிய குழாயால மூத்திரப்பைக்குள்ள விட்டிட்டு, இரண்டு மணித்தியாலம் சலம் போகாமல் அடக்கச் சொல்லுவினம். அண்டிரவு எரிவும் லேசான காய்ச்சலும் வரும். நான் பயந்துபோய்க் கேட்க, டொக்டர் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினார். பலம் குறைச்ச காசநோய்க் கிருமி பையின்ர உள்சுவரில ஒட்டுமாம். அதை அடிக்க வெள்ளணுக்கள் திரண்டு வருமாம். இவ்வளவு காலமும் தன்ர ஆள் எண்டு விட்டுவைச்ச புற்றுக்கலங்களும் அப்பதான் அதுகளின்ர கண்ணில படுமாம். 1921இல் பாரிசில, தாய் காசநோயால செத்த ஒரு பச்சைப்பிள்ளைக்கு முதல் முதல் வாயால குடுத்த மருந்து இது. 1976இல் கனடாவில மொராலெஸ் எண்ட டொக்டர் மூத்திரப்பைப் புற்றுக்கு விட்டுப் பார்த்து எழுதினவராம்.

மூதூர், ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, பிறந்த உடனே ஏன் அந்த ஊசி எண்டு சொல்லுறன். தாயின்ர எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியால பிள்ளைக்கு வாறது அனேகமாக் கடைசி மூன்று மாசத்திலதான். அந்த இரவல் காசநோய்க்கு உதவாது. அதை அடிக்கிறது வெள்ளணுக்கள்; அதுகளைத் தாய் குடுக்கேலாது, பிள்ளையே பழக்கியெடுக்க வேணும். அதனாலதான் பிறந்த கையோட ஊசி. பிள்ளைகளுக்கு மூளைக்கு ஏறுற காசநோய் எவ்வளவு கொடியது எண்டு வார்டில நிண்ட எங்களுக்குத் தெரியும். சில கிழமையில ஊசி போட்ட இடம் பருத்துச் சீழ் வைக்கும். மஞ்சள், பவுடர் ஒண்டும் பூசாதேங்கோ. தானா ஆறும்.

கிண்ணியாவிலிருந்து:
எங்கட மகள் 31 கிழமையிலயே பிறந்துட்டா. அந்தத் தாதியம்மா சொன்ன இரவலும் அவளுக்கு முழுசா வந்து சேரல்ல. முதல் பால் மஞ்சளா இருக்கு, பீச்சி ஊத்து எண்டு மாமி சொன்னாங்க. வார்டில இருந்த மிஸ் விடல்ல. அந்தக் கடும்புப்பாலைச் சொட்டுச் சொட்டாச் சிரிஞ்சில எடுத்துக் குழந்தைட வாயில தடவினாங்க. அதில இருக்கிற காப்புப் புரதம் குடல் சுவரில பூசினாப்போல படிஞ்சு, கிருமிய உள்ள விடாதாம். இப்ப அவளுக்கு நாலு வயசு. ஒண்டு கேக்கணும், உங்கட வாப்பா மருந்து விட்ட நாள்ல பேரனத் தூக்கலாமா?

உவர்மலை வாசி:
நானும் அதைத்தான் முதல் கேட்டனான். தூக்கலாம், கையைச் சவர்க்காரம் போட்டு வடிவாக் கழுவ வேணும் எண்டவை. உயிருள்ள கிருமி சலத்தோட போறதால, முதல் ஆறு மணித்தியாலமும் நிண்டு போகாமல் இருந்தபடிதான் சலம் கழிக்க வேணும், ஒவ்வொரு தரமும் கக்கூசுக்குள்ள புளீச் ஊத்தி விட வேணும். அப்பா அதில ஒரு நாளும் பிசகினதில்லை.

திரும்பக் குழாய் விட்டுப் பார்க்க வாற மாசம் திகதி தந்திருக்கினம். மகனின்ர தோள் புண் போன கிழமைதான் காய்ஞ்சு பொருக்கு விழுந்தது. அப்பாதான் முதல் கண்டவர்.