வகுப்பில் காசு காணாமல் போனால் பிள்ளையின் டயரியை வாசிக்கலாமா?

பாலையூற்று அப்பா:
வணக்கம். என்ட மகள் தரம் 10, திருகோணமலையில ஒரு அரச கலவன் பாடசாலை. பெயர் வேண்டாம். போன கிழமை இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சேர்த்த காசு வகுப்பில காணாமல் போயிருக்கு. இடைவேளை முடிஞ்சதும் கதவைச் சாத்திப்போட்டு, எல்லாரையும் பையை மேசையில கொட்டச் சொல்லியிருக்கிறா ரீச்சர். கிளறினது மாணவத் தலைவர்களா இருக்கிற ஏ.எல். பெடியன்கள். பேப்பரில சுத்தி வச்சிருந்த பேட் பக்கெட்டை ஒருத்தன் எல்லாருக்கும் முன்னால பிரிச்சுப் பார்த்திருக்கிறான். பிறகு டயரி. அதை ரீச்சரே சத்தமா வாசிச்சா. எனக்கு வேலை போனது, வீட்டில அதால வந்த சண்டை, எல்லாம் அதில எழுதியிருந்தது. பிள்ளை இப்ப பள்ளிக்குப் போக மாட்டன் எண்டு நிக்கிறாள்.

காசு தேடுறதை நான் பிழை சொல்லேல்ல. அது மற்றப் பிள்ளைகள்ட காசு. ஆனா காசு தேடினவங்களுக்கு டயரியில என்ன வேலை? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூதூர் ரீச்சர்:
அண்ணா, வாசிக்கவே மனம் கொதிக்குது. நானும் வகுப்பாசிரியைதான். பை பார்க்க வேண்டி வரும், அதை மறைக்க ஏலாது. போதை மாத்திரை, போன் எண்டு எத்தனையோ பிரச்சினை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில பெற்றோரே நிண்டு பை பார்த்தாங்க. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஆபத்துக்குப் பயந்து செய்தது. இது வேற. சந்தேகம் இருந்தா அந்தப் பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு, இன்னொரு ரீச்சரையும் வச்சுக்கொண்டு, பையைப் பிள்ளையின்ட கையாலயே திறக்க வைக்கலாம். பெண் பிள்ளைகள்ட பையில பெடியன்களைக் கை வைக்க விட்டதுக்கு எந்த நியாயமும் இல்லை. பொலிசே ஒரு பெண்ணைச் சோதிக்கிறதெண்டா பெண்தான், அதுவும் மானம் போகாமச் சோதிக்க வேணும் எண்டு சட்டம் சொல்லுது.

உவர்மலை சட்டத்தரணி:
ஐயா, நமது அரசியலமைப்பில் அந்தரங்க உரிமைக்கெனத் தனி உறுப்புரை கிடையாது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. ஆனால் அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. உங்களுக்கு உதவக்கூடியது நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, இழிவான நடத்தைக்கு எதிரானது. மாணவனைக் கன்னத்தில் அறைந்த ஆசிரியர் அந்த உறுப்புரையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அடி விழாத இந்தச் சம்பவம் அந்த அளவுக்கு எட்டுமா என்பது வாதாட வேண்டிய விடயம். அரச பாடசாலை என்பதால் அடிப்படை உரிமை மனு போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உண்டு. திகதியைத் தவற விடாதீர்கள்.

நியூஜேர்சி தம்பி:
அண்ணை, நான் நிலாவெளிதான், இப்ப அமெரிக்காவில. இங்கத்தைய சட்டம் அங்க செல்லாது, ஆனா நீங்க கேட்ட அதே கேள்வி இங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1980இல இந்த மாநிலத்தில கழிவறையில சிகரெட் பிடிச்சதா ஒரு 14 வயதுப் பிள்ளையின்ட கைப்பையை உப அதிபர் திறந்தார். 1985 தீர்ப்பில அந்தச் சோதனை சரி எண்டுதான் சொன்னாங்க. ஆனா நியாயமான சந்தேகம் வேணும், தேடுற பொருளுக்கு மிஞ்சித் தேடக் கூடாது எண்டு எல்லையும் போட்டாங்க. 2009இல அரிசோனாவில வலி மாத்திரை தேடி 13 வயதுப் பிள்ளையை உள்ளாடை வரைக்கும் சோதிச்சது அந்த எல்லையைத் தாண்டினது எண்டு தீர்ப்பு வந்தது.

பாலையூற்று அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மூதூர் தங்கச்சி, நீங்க ரீச்சரா இருந்துகொண்டு இதை எழுதினது பெரிய ஆறுதல். நாளைக்கு அதிபருக்குக் கடிதம் குடுக்கிறன், பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. ஒருத்தரையும் வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிக் கேட்கேல்ல. டயரி வாசிச்சதுக்கு அதே வகுப்பில வச்சு மகளிட்ட மன்னிப்புக் கேட்க வேணும், மாணவத் தலைவர்கள் இனிப் பை சோதிக்கக் கூடாது, அவ்வளவுதான். பதில் வராட்டி ஆணைக்குழுவுக்குப் போவன். சட்டத்தரணி ஐயா, ஒரு மாதம் எண்டது சம்பவம் நடந்த நாளில இருந்தா, கடிதம் குடுத்த நாளில இருந்தா?

உவர்மலை சட்டத்தரணி:
சம்பவ நாளிலிருந்து. அதிபரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடிதத்தின் பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்கி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழைத்துச் சொல்லுங்கள்.