மறுமொழி: ‘ரேசியல் புரொஃபைலிங்’ – ஓரமும் ஓரவஞ்சனையும்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரேசியல் புரொஃபைலிங்’ என்றால் ஒருவருடைய இனத்தைப் பார்த்தே போலீஸ் அவரைச் சந்தேகிப்பது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: இனச் சுயவிவரமாக்கம், இனக்கணிப்பு, இனப்பாகுபாட்டுச் சோதனை. அப்புறம் நீதிமன்றத் தண்டனை இனத்துக்கு இனம் வேறுபடுவதற்கு ‘தண்டனையில் இனவெறி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்குமே எனக்கு ஒட்டவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘சுயவிவரம்’ ஃபேஸ்புக்கிலிருந்தும் கல்யாணத் தரகரிடமிருந்தும் வந்த சொல். தன்னைப் பற்றித் தானே கொடுப்பது. தெருவில் நிறுத்தப்படுகிறவன் தன்னைப் பற்றி எதுவும் கொடுக்கவில்லை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே போலீஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். ‘இனக்கணிப்பு’ என்றால் சாதிவாரிக் கணக்கெடுப்பு என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைப்பார்கள்.

உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். 1968-இல் டெர்ரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைது செய்யுமளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் நியாயமான சந்தேகம் இருந்தால் ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்தலாம், ஆயுதம் வைத்திருக்கக்கூடும் என்று தோன்றினால் உடம்பின் மேல் தடவிப் பார்க்கலாம் என்றது. அந்தச் சின்னக் கதவு வழியாக நியூயார்க் காவல்துறை ஓர் ஊரையே நடத்திக் கொண்டுபோனது. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் தடவை ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் 83 விழுக்காடு கறுப்பர்களும் ஹிஸ்பானியர்களும் (லத்தீன் அமெரிக்க வழியினர்). ஊரின் மக்கள்தொகையில் இந்த இரண்டு பிரிவினரும் சேர்ந்து பாதிக்குச் சற்று மேல். நிறுத்தியதில் 88 விழுக்காடு, மேல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் ‘போ’ என்று அனுப்பியதுதான். ஆயுதம் கிடைத்த கணக்கு இன்னும் வேடிக்கை: நிறுத்தப்பட்ட கறுப்பர்களில் நூற்றுக்கு 1.0, வெள்ளையர்களில் 1.4. அதாவது வெள்ளையரை நிறுத்த உருப்படியான காரணம் தேவைப்பட்டிருக்கிறது. இவையெல்லாம், இந்த நிறுத்தங்களை எதிர்த்து நியூயார்க் நகரத்தின் மேல் போட்ட ஃபிலாய்ட் வழக்கில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் 2013 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பில் உள்ளவை. அரசியலமைப்புக்கு முரண் என்று அவர் தீர்ப்பளித்தார்.

அப்போது அங்கே போலீஸ்காரர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. காரணத்துக்குப் பெரும்பாலும் கட்டத்தில் டிக் அடித்தாலே போதுமாக இருந்தது. அடிக்கடி டிக் விழுந்த கட்டங்களில் ஒன்று ‘திருட்டுத்தனமான அசைவு’, நம் ஊர் வழக்கில் சொன்னால் ‘திருட்டு முழி’. இன்னொன்று ‘குற்றம் மிகுந்த பகுதி’. முழியும் பேட்டையும் போதும், ஆளை நிறுத்திவிடலாம்.

இதற்கு நம்மிடம் போலீஸ் ஸ்டேஷன் சொல்லே இருக்கிறது: சந்தேகக் கேஸ். “சந்தேகக் கேஸ்ல பிடிச்சிட்டுப் போயிட்டாங்க” என்று சொன்னால் விளக்கம் கேட்பவர் யாரும் இல்லை. ஆகவே என் பரிந்துரை இனவழிச் சந்தேகம். செயலாகச் சொல்ல ‘இனம்பார்த்துச் சந்தேகித்தல்’. சந்தேகிக்கிறவர் மேல் சொல் நிற்கிறது, சந்தேகிக்கப்படுகிறவர் மேல் ஒட்டுவதில்லை. ‘ஐயம்’ வேண்டும் என்பவர்கள் ‘இனவழி ஐயம்’ என்று எழுதுங்கள், எனக்குச் சண்டையில்லை.

ஒருவர் ‘குற்றப்பரம்பரை நோக்கு’ என்று எழுதியிருந்தார். உணர்வு புரிகிறது. 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920-இல் துப்பாக்கிச் சூடு வரை போன கதை நமக்குத் தெரியும். ஆனால் அது சட்டமே பெயர் சொல்லி, சாதி சொல்லிச் சந்தேகித்தது. நியூயார்க்கில் ஆளை நிறுத்த இடம்கொடுத்த சட்டத்தில் இனத்தின் பெயர் கிடையாது. வரலாறு அடைகாத்த ஒரு சொல்லை வேறு பொருளுக்கு வாடகைக்கு விட எனக்கு விருப்பமில்லை.

இனி இரண்டாவது சொல். இதுதான் என்னை உறுத்துகிறது.

தண்டனை விஷயத்தில் ‘இனவெறி’, ‘பாகுபாடு’ இரண்டுமே எண்ணத்தைச் சொல்பவை. எண்ணத்தை நிரூபி என்று கேட்டுத்தான் அமெரிக்க நீதிமன்றமே முட்டிக்கொண்டு நின்றது. வாரன் மெக்லெஸ்கி என்ற கறுப்பர், அட்லாண்டாவில் கொள்ளையின்போது வெள்ளைப் போலீஸ்காரரைக் கொன்றதாக மரண தண்டனை பெற்றவர். அவர் தரப்பில் பேராசிரியர் பால்டஸ் குழுவின் ஆய்வைக் கொடுத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகள். இனம் சாராத காரணங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு. உச்ச நீதிமன்றம் 1987-இல் 5-4 என்று பிரிந்து தள்ளுபடி செய்தது. ஆய்வு சரியாகவே இருக்கட்டும், உன் வழக்கில் முடிவெடுத்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்டு என்றது. இதை ஏற்றால் குற்றவியல் நீதிமுறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கவலைப்பட்டது. மாறுபட்ட நீதிபதி பிரென்னன், இது நீதி அளவுக்கு மீறிக் கிடைத்துவிடுமோ என்ற பயம் என்று குத்தினார். மெக்லெஸ்கிக்கு 1991-இல் தண்டனை நிறைவேறியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பவல், ஓய்வுக்குப் பிறகு, எந்த வழக்கிலாவது வாக்கை மாற்றுவீர்களா என்று கேட்டபோது இந்த வழக்கைத்தான் சொன்னார்.

கிராக் கோகெய்ன் கதையும் இதே ரகம். 1986 சட்டப்படி தூள் கோகெய்ன் 500 கிராம் விற்றால் குறைந்தது ஐந்தாண்டு. கிராக் (புகைக்கும் கட்டி வடிவம்) என்றால் 5 கிராமுக்கே ஐந்தாண்டு. இரண்டும் அடிப்படையில் ஒரே போதைப்பொருள். கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். தண்டனை அளவுகளை வகுக்கும் அரசுத் தண்டனை ஆணையமே 1995-இல் இந்த விகிதத்தை நீக்கச் சொன்னது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிராகரித்தது. 2010-இல்தான் 100-க்கு 1 என்பது 18-க்கு 1 ஆனது. முன்பே உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பலன் எட்ட 2018 வரை ஆயிற்று. சட்ட வாசகத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது. யாருடைய வெறியை நிரூபிப்பது?

நம் மொழியில் ‘ஓரவஞ்சனை’ இருக்கிறது. அதில் ஓரம் என்பது சாய்வு, வஞ்சனை என்பது எண்ணம். பழைய நீதிப்பாட்டில் ‘மன்றோரம் சொல்லுதல்’ என்றே வருகிறது, சபையில் ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வது. வஞ்சனையைக் கழற்றிவிட்டு ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. தண்டனைக்கு தீர்ப்போரம். எண்ணம் எதுவாயிருந்தாலும் விளைவில் தெரியும் சாய்வுக்கு விளைவோரம். பால்டஸ் காட்டியது ஓரம், நீதிமன்றம் கேட்டது வஞ்சனை. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டால் தமிழிலும் அதே குழிதான்.

எதிர்ப்புகளை எதிர்பார்க்கிறேன்.

– – –

> இனவழிச் சந்தேகம்

அண்ணா, இதற்கு டொராண்டோவிலிருந்து முழு ஆதரவு. இங்கே ‘கார்டிங்’ என்று ஒன்று இருந்தது. ஒரு குற்றமும் இல்லாமல் மறித்து, பெயர், விலாசம், யாரோடு நிற்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு அட்டையில் பதிந்துவிடுவார்கள். கறுப்பினப் பிள்ளைகள்தான் கூடுதலாக மாட்டினவர்கள். 2017 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் விதி வந்தது. அப்படி மறித்து விவரம் கேட்டால், பதில் சொல்லத் தேவையில்லை என்று பொலிஸே சொல்ல வேண்டும், சந்தித்ததற்கு ஒரு துண்டும் தர வேண்டும்.

எங்களுக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினதும், இலங்கை உயர் நீதிமன்றம் (இந்திய வழக்கில் உச்ச நீதிமன்றம்) அதைத் தடுத்ததும் ஞாபகம் இருக்கும். தமிழர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் ‘ஓரம்’ எனக்கு இடிக்குது. ‘பாரபட்சம்’ என்று பேப்பரில் தினமும் வருகிற சொல் இருக்க, ஏன் புதிது? ‘விளைவோரம்’ என்றால் வயல் வரப்பு மாதிரிக் கேட்கிறது.

– – –

தம்பி, முயற்சி நன்று. எனினும் ‘கோடாமை’ என்ற அருஞ்சொல்லை நம் முன்னோர் வைத்துச் சென்றிருக்க, ஓரம் எதற்கு? கோடுதல் என்றால் வளைதல், ஒருபால் சாய்தல். ‘தீர்ப்புக் கோட்டம்’, ‘விளைவுக் கோட்டம்’ என்க. எண்ணத்தைச் சுட்டாத தூய சொல்.

மற்றொன்று. நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. மருந்து என்ன? தடுப்பதற்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்கும் சொல் காணலாம்.

– – –

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

ஐயா, ‘கோட்டம்’ அழகு. ஆனால் ‘வருவாய்க் கோட்டம்’, ‘மின் கோட்டம்’ என்று ஊர் முழுக்கப் பலகை மாட்டியாகிவிட்டது. ‘தீர்ப்புக் கோட்டம்’ என்றால் நீதித்துறையின் புது அலுவலகம் என்று மனு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அக்கா, ‘பாரபட்சம்’ என்றதும் ‘யார் காட்டியது?’ என்று அடுத்த கேள்வி வருகிறது பாருங்கள், அதுதான் சிக்கல். நீதிபதி, வழக்கறிஞர், ஜூரியாக உட்காரும் பொதுமக்கள் எல்லோரும் கைசுத்தம் என்று வைத்துக்கொண்டாலும் தூள் 500, கிராக் 5 என்ற கணக்கு தன் வேலையைச் செய்துவிடும். வயல் வரப்பு ஓசை பழகினால் போய்விடும் என்று நம்புகிறேன். போகாவிட்டால் ‘விளைவுச் சாய்வு’ என்பதை மாற்றாக வைப்போம்.

தடுப்பு பற்றி ஐயா கேட்டது சரியான இடம். அங்கேயும் எண்ணத்தைத் தேடுவதைக் கைவிட்ட பிறகுதான் வழி திறந்திருக்கிறது. ஜூரி தேர்வில் காரணம் சொல்லாமல் ஆட்களை நீக்கும் உரிமை அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் இரு தரப்புக்கும் உண்டு. இனத்துக்காக நீக்கக்கூடாது என்று 1986-இல் பேட்சன் வழக்கில் சொன்னார்கள். உடனே அரசு வழக்கறிஞர்கள் வேறு காரணம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 2018-இல் விதி 37 கொண்டுவந்தது. விஷயம் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் இனமும் ஒரு காரணமாகத் தோன்றக்கூடுமா? தோன்றினால் போதும், நீக்கம் செல்லாது. போலீஸை நம்புவதில்லை என்றார், குற்றம் மிகுந்த பகுதியில் குடியிருக்கிறார் என்பன போன்ற வழக்கமான சாக்குகளைப் பட்டியல் போட்டு, இவை செல்லாதவை என்றே முதலில் கொள்ளப்படும் என்றும் எழுதிவைத்தார்கள். கலிஃபோர்னியா 2020-இல் இயற்றிய இனநீதிச் சட்டம், வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்கத் தேவையில்லை என்று நேராகவே சொல்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாம்மி 2017-இல் கொடுத்த அறிக்கை குற்றவியல் நீதி அமைப்புகளுக்கு வைத்த நெறி, இனவாரியாக வித்தியாசம் தெரிந்தால் அதற்கு விளக்கம் சொல், சொல்ல முடியாவிட்டால் திருத்து என்பது. இதற்கு ‘விளக்கு அல்லது திருத்து நெறி’ போதும், புதுச்சொல் தேவையில்லை.

சொல் தேவைப்படுவது இன்னொன்றுக்கு. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்துவது, உள்நோக்கம் வேறு. 1996-இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம், போக்குவரத்து விதிமீறல் உண்மையென்றால் போலீஸ்காரரின் மனசுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க மாட்டோம் என்றது, அதுவும் ஒருமனதாக. (மெக்லெஸ்கியிடம் எண்ணத்தை நிரூபி என்றவர்கள் இங்கே எண்ணமே வேண்டாம் என்கிறார்கள்!) ஃபிலடெல்ஃபியா நகரம் 2021-இல் சட்டம் போட்டு, இப்படிச் சில்லறை விதிமீறல்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது என்றது. அமெரிக்கப் பெருநகரங்களில் அதுதான் முதல்.

இதற்கு நான் யோசித்தது ‘சாக்குச் சோதனை’. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், ரேஷன் கடை அரிசி மூட்டையா என்று கேட்டார்கள். ‘சாக்குபோக்கு நிறுத்தம்’ நீளம். ‘பொய்க்காரண நிறுத்தம்’ தப்பு, பின்விளக்கு நிஜமாகவே எரியவில்லையே. ‘சாட்டு’ என்று ஒரு சொல் ஈழத்தில் புழங்குகிறது இல்லையா அக்கா? ‘சாட்டு நிறுத்தம்’ என்றால் அங்கே எப்படிக் கேட்கும்?