ஸ்பெயின்ல அலிகாந்தே, ஒரே ஊர்ல பத்து நாள், நாங்க ரெண்டு பேர் மட்டும்: சரிப்படுமா?

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரம்மாவும் ஆஸ்பத்திரி வேலை, இருபத்தஞ்சு வருஷமா நான் நைட்டுன்னா அவ டே, அவ நைட்டுன்னா நான் டே, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து காபி குடிச்ச நாளை விரல் விட்டு எண்ணிடலாம். செப்டம்பர்ல 25வது கல்யாண நாள். கடலோரமா எங்கயாச்சும் போயி சும்மா உக்காந்திருக்கணும், அவ்ளோதான் அவ கேக்கறது. டிராவல்ஸ்ல விசாரிச்சா ஒன்பது நாள்ல ஆறு ஊரு, காலைல ஆறு மணிக்கெல்லாம் பஸ்ல ஏறணும்னு சொல்றாங்க, அது எங்களுக்கு வேணாம். தோல் கம்பெனில இருக்கற மச்சான் ஒருத்தர் அலிகாந்தேல பத்து நாள் தங்குங்கன்றாரு. அவ்ளோ செலவு பண்ணி போயி ஒரே ஊர்ல இருக்கறது சரியா? அவளுக்கு முட்டி வலி இருக்கு, ஒருவேளையாச்சும் சோறு வேணும். போனவங்க சொல்லுங்க.

ஆம்பூர் ஷூ லைன்:
அண்ணா தாராளமா போங்க. எனக்கு வேலையே அந்தப் பக்கம்தான், எல்ச்சே, எல்டான்னு ரெண்டு ஊரு கீது, நமக்கு ஆம்பூர் ராணிப்பேட்டை எப்படியோ அப்படி அவங்களுக்கு அது, ஷூ செய்யற ஊரு. ரெண்டும் அலிகாந்தே மாவட்டம்தான். வேலை முடிஞ்சதும் சாயந்திரம் ரயில் புடிச்சு அலிகாந்தே வந்துடுவேன், எல்ச்சேலேந்து அரை மணி நேரம்தான். எஸ்பிளனாடான்னு ஒரு நடைபாதை, ரெண்டு பக்கமும் பனை மாதிரி மரம், கீழ செவப்பு கறுப்பு சந்தன கலர்ல அலை அலையா பதிச்ச பளிங்குக்கல்லு, 60 லட்சத்துக்கும் மேலன்னு சொல்றாங்க. அங்க வயசான புருஷன் பொண்டாட்டிங்க கை கோத்துக்கினு மெதுவா நடந்துக்கினே இருப்பாங்க, யாருக்கும் அவசரமே இல்ல. அக்காவுக்கு அந்த இடம் கண்டிப்பா புடிக்கும்.

முட்டி வலிக்கு பயப்படாதீங்க. ஊருக்கு நடுவுல 166 மீட்டர் மலை, மேல சாண்டா பார்பரா கோட்டை. அரபுக்காரங்க கிட்டேந்து 1248 டிசம்பர் 4ந்தேதி, பார்பரா அம்மா திருநாள் அன்னிக்கு புடிச்சதால அந்தப் பேரு. நம்ம வேலூர் கோட்டைக்கு அகழி மாதிரி அதுக்கு கடலே காவல். போஸ்டிகெட் பீச்சுக்கு எதிர்லயே மலையைக் குடைஞ்சு லிஃப்ட் வெச்சிருக்காங்க, ஏறவே வேணாம். சாயந்திரமா போங்க, வெயில் தாழ்ந்ததும் கடல் முழுக்க தெரியும்.

குடியாத்தம் பயணி:
நான் ஒத்துக்கமாட்டேன். இவ்ளோ தூரம் போயிட்டு பார்சிலோனா மாட்ரிட் பாக்காம வர்றதா? மறுபடி எப்ப போவீங்க சார்?

சத்துவாச்சாரி அக்கா:
தம்பி நீங்க சொல்றது புரியுது, ஆனா அவங்க கேக்கறது ஊரு சுத்த இல்ல. நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வாரம் அங்க தங்கினோம், மூணாவது நாள்தான் எனக்கு தூக்கமே சரியா வந்துச்சு, அதுக்குள்ள பெட்டி கட்டி வேற ஊரு போயிருந்தா என்ன ஆயிருக்கும்? சாப்பாட்டு நேரம் மட்டும் பழகிக்கணும், மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் சாப்பாடு, சின்னக் கடைங்க அஞ்சு மணி வரைக்கும் மூடிடுவாங்க, ராத்திரி ஒன்பதுக்குதான் ஓட்டல் களை கட்டும். மதியத்துல ‘மெனு தெல் தியா’ன்னு கேளுங்க, ரெண்டு வகை சாப்பாடு, கடைசில பழமோ ஸ்வீட்டோ, எல்லாம் ஒரே விலைல வரும். சோறு பத்தி கவலையே வேணாம், அது அரிசி ஊரு, மீன் வேகவெச்ச தண்ணில ஆக்கற ‘அர்ரோஸ் அ பண்டா’ன்னு ஒண்ணு, காரம் இருக்காது, ஊறுகாய் எடுத்துட்டு போங்க. பாதாமும் தேனும் சேத்த துர்ரோன் மிட்டாய் அந்தப் பக்கத்து சொத்து, நம்ம ஆற்காடு மக்கன்பேடா மாதிரி எல்லாருக்கும் வாங்கிட்டு வந்தோம்.

இன்னொண்ணு தம்பி, நான் மெரினால முட்டி அளவு தாண்டி எறங்கினதே இல்ல. அங்க மத்தியதரைக் கடல் பெரும்பாலும் அமைதியா இருக்கும், கொடி பாத்து எறங்கணும், பச்சைன்னா எறங்கலாம், மஞ்சள்னா ஜாக்கிரதை, செவப்புன்னா கூடாது. அன்னிக்கு பச்சை. அவர் கையைப் புடிச்சுட்டு கழுத்து வரைக்கும் போனேன். அம்பத்திரெண்டு வயசுல.

ஆம்பூர் ஷூ லைன்:
அக்கா சொன்னது நெசம். அண்ணா, செப்டம்பர் முதல் ரெண்டு வாரத்துலயே போயிடுங்க, கோடை பூரா காஞ்ச கடலு, தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அதுக்கப்புறம் சில வருஷம் ஒரே நாள்ல மழை கொட்டித் தீத்துடும். ஜூன் 20லேந்து 24 வரைக்கும் மட்டும் வேணவே வேணாம், சான் ஹுவான் திருவிழா, பெரிய பெரிய பொம்மை செஞ்சு கடைசி ராத்திரி கொளுத்துவாங்க, பாக்க அருமை, ஆனா பகல்லயே பட்டாசு காதைப் பொளக்கும், தூங்க முடியாது. சென்னைலேந்து நேரா பிளைட் இல்ல, துபாய் இல்ல தோஹா மாறி மாட்ரிட், அங்கேந்து வேக ரயில்ல ரெண்டரை மணி நேரம். விசா ஆறு மாசம் முன்னாடியே போடலாம், 30,000 யூரோ மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். ஒருநாள் எல்ச்சே போங்க, அரபுக்காரங்க காலத்து பேரீச்சந்தோப்பு, 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது, ஊருக்குள்ளயே ரெண்டு லட்சம் மரம்.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றி. ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தவளுக்கு எல்லாத்தையும் படிச்சு காமிச்சேன், கழுத்து வரைக்கும் போனதைக் கேட்டுட்டு இன்னொரு தடவை படிங்கன்னா. செப்டம்பர் 1லேந்து 11 வரைக்கும் ரெண்டு பேருமே லீவு எழுதிக் குடுத்தாச்சு. போஸ்டிகெட் பக்கமா நடந்து போற தூரத்துல, லிஃப்ட் இருக்கற ரூம் தெரிஞ்சா சொல்லுங்க அக்கா.